வளவில் உட்கார்ந்து மேட்டருக்காக வாதாடுவது எப்படி

காரைக்குடி வீட்டில் ஒரு விசேஷம், சாப்பாடு முடிந்து பங்காளிப் பிள்ளைகள் எல்லாம் வளவின் பட்டாலையில், அதாவது நடுமுற்றத்தை ஒட்டிய கூடத்தில், சாய்ந்திருக்கிறார்கள், அப்போது யாராவது ‘கார்ஸ் 2 ஒரு குப்பை’ என்று ஆரம்பிப்பார்கள். கார்களே பாத்திரங்களாக வரும் பிக்ஸார் அனிமேஷன் படம் அது; மேட்டர் என்ற இழுவை வண்டிதான் அதில் நாயகன். உடனே பாயாதீர்கள்.

முதலில் குறையை நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள். 2006-இல் வந்த முதல் படம் ஒரு சின்ன ஊரின் கதை. 2011-இல் வந்த இரண்டாவது, ஒற்றர் கதைக்குள் தாவி டோக்கியோ, இத்தாலி, லண்டன் என்று ஓடும். வில்லன்களின் சதி கொஞ்சம் சுற்றி வளைத்ததுதான், சரி, அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம்.

‘முதல் படத்தில் காமெடியனாக வந்த மேட்டரை எப்படி நாயகனாக்கலாம்?’ என்பார்கள் பாருங்கள், அங்கேதான் பிடிக்க வேண்டும். 1964-இல் நாகேஷ் சர்வர் சுந்தரமாக வந்தபோதும், 2006-இல் வடிவேலு புலிகேசியாக வந்தபோதும் நாம் கேட்காத கேள்வி இது. அப்புறம் ஒரு காட்சியைச் சொல்லுங்கள்: விருந்தில் வசாபியை, அதாவது காரமான பச்சை ஜப்பானிய விழுதை, ஐஸ்கிரீம் என்று நினைத்து மேட்டர் அள்ளி விழுங்குவான். எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் அவனால் நண்பனான பந்தயக் கார் மெக்வீனுக்குத் தலைகுனிவு. தன்னைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்று அவனுக்கு உறைக்கிற இடம்தான் படத்தின் உயிர். துருப்பிடித்த இழுவை வண்டி, தன் நெளிசல்களை எடுக்கவிட மாட்டேன் என்கிறது, ஒவ்வொன்றும் நண்பனோடு விழுந்தது என்று. (எங்கள் ஆச்சி நெளிந்த பித்தளை அண்டாவைக் கொடுக்க மறுப்பதும் இதே கணக்குதான்.)

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் மதிப்பெண்ணை இழுத்தால் கந்தரப்பத் தட்டை நகர்த்திவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், அதில் ஜெயிக்க முடியாது.