ஒரு ஸ்ட்ரைக்கரின் கணக்கை ஒரே தாளில் எழுதுவது எப்படி: ஸ்பென்சரின் 54

தென் அமெரிக்கக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் கோபா லிபர்டடோரஸ் தொடரில் அதிக கோல் அடித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெலே, ரொமாரியோ என்று பெரிய பெயர்களாக வந்து விழும். விடை ஆல்பர்டோ ஸ்பென்சர், ஈக்வடார்காரர், 54 கோல். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை.

பிடித்த ஆட்டக்காரர்களின் கணக்கை ஆளுக்கு ஒரு தாளாக எழுதி வைப்பது என் பழக்கம். எப்படி எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஸ்பென்சரின் தாளைத்தான் காட்டுவேன். ஒரு தாளில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அவருடையதில் இருக்கிறது.

தாளின் தலையில் இரண்டு வரி போதும். பிறப்பு 1937, ஆங்கோன். குவாயாகில் நகரின் எவரெஸ்ட் கிளப், 1960 முதல் 1970 வரை உருகுவேயின் பென்யரோல், கடைசியில் மறுபடி குவாயாகில், அங்கே பார்சிலோனா. (ஸ்பெயின் பார்சிலோனா இல்லை. தாளில் இதைக் குறிக்காவிட்டால் படிக்கிறவர்கள் கட்டாயம் குழம்புவார்கள்.) இளமைக் கதையை நீட்ட வேண்டாம், இடம் பின்னால் தேவைப்படும்.

அடுத்து, எந்தக் கணக்கை எழுதுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். சண்டையெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. பெலேவின் ஆயிரமாவது கோல் 1969-இல் வந்தது, ரொமாரியோவினுடையது 2007-இல். இருவர் கூட்டலிலும் நட்பு ஆட்டங்கள் உண்டு. அதே அளவுகோலை ஒருவருக்கு வைத்து இன்னொருவருக்கு வைக்காவிட்டால் ஒப்பீடே கிடையாது. நான் எப்போதும் ஒரே ஒரு போட்டித் தொடரை எடுத்துக்கொள்வேன். ஸ்பென்சருக்கு லிபர்டடோரஸ் மட்டும்: பென்யரோலுக்கு 48, பார்சிலோனாவுக்கு 6. ஐரோப்பிய சாம்பியனோடு மோதும் இன்டர்காண்டினென்டல் கோப்பையில் அடித்ததெல்லாம் தாளில் வேறு கட்டத்துக்குப் போகும், இதில் சேராது.

இப்போது முக்கியமான வேலை. ஆண்டுக்கு எத்தனை என்று எழுதி நிறுத்தாதீர்கள், ஆட்டவாரியாகப் பிரியுங்கள். 1960-இல் ஸ்பென்சர் 7 கோல் என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. பிரித்துப் பார்த்தால், பொலிவியாவின் வில்ஸ்டர்மனை 7-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் நான்கு. அதுதான் அந்தத் தொடரின் வரலாற்றிலேயே முதல் ஆட்டம். அரையிறுதியில் அர்ஜென்டினாவின் சான் லொரென்ஸோவை, முடிவைத் தீர்மானிக்க வைத்த கூடுதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்றபோது இரண்டும் அவர்தான். பராகுவேயின் ஒலிம்பியாவோடு நடந்த இறுதியின் முதல் ஆட்டத்தில் ஒன்று, அதுவே அந்த ஆட்டத்தின் ஒரே கோல். நான்கு, இரண்டு, ஒன்று. எளிய எதிரியிடம் அள்ளியது எவ்வளவு, திணறிய இடத்தில் எடுத்தது எவ்வளவு என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. எனக்கு அந்த நான்கைவிட இந்த மூன்றுதான் பெரிது.

அப்புறம் ஓரத்தில் அந்தக் கால விதியை எழுதுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது. அப்போது இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டிப் பார்த்து வெற்றி தீர்மானிப்பதில்லை, புள்ளிதான் கணக்கு. 1966 இறுதியில் பென்யரோல் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டை மொன்டெவிடியோவில் 2-0 என்று வென்றது, புவனோஸ் ஐரஸில் 3-2 என்று தோற்றது. கோல் கணக்கில் 4-3 முன்னிலை, ஆனால் ஆளுக்கு ஒரு வெற்றி, புள்ளி சமம், அதனால் கோப்பை இல்லை. மூன்றாவது ஆட்டம் சிலியின் சாண்டியாகோவில்.

அந்த ஆட்டத்துக்குத் தாளில் தாராளமாக இடம் விடுங்கள். பாதி நேரத்தில் ரிவர் 2-0 முன்னிலை. ஒரு பந்தை ரிவர் கோல்கீப்பர் அமாடியோ கரிஸோ கையால் பிடிக்காமல் நெஞ்சால் நிறுத்த, பென்யரோல்காரர்களுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டாம் பாதியில் ஸ்பென்சர் ஒன்று திருப்பினார், பிறகு சமன். எக்ஸ்ட்ரா டைமில் ஸ்பென்சர் மீண்டும், அடுத்து பெட்ரோ ரோச்சா. முடிவு 4-2. ஊர் திரும்பிய ரிவருக்கு மைதானத்தில் ஒரு வெள்ளைக் கோழியை விட்டுக் கேலி செய்தார்கள், பயந்தாங்கொள்ளிகள் என்ற பொருளில் "கோழிகள்" என்ற பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 54-இல் இரண்டுதான் அந்த ஆட்டத்தில் வந்தவை. ஆனாலும் என் தாளில் அந்த வரிக்குத்தான் சிவப்பு மை.

சர்ச்சையான ஆட்டங்களுக்கு ஒரு தனிக் குறி வையுங்கள். 1962 இறுதியில் பிரேசிலின் சாண்டோஸ் கிளப்பின் மைதானத்தில் பென்யரோல் 3-2 முன்னிலையில் இருந்தபோது கூட்டத்திலிருந்து பொருட்கள் பறந்து ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கிய பிறகு சாண்டோஸ் சமன் செய்து, சாம்பியன் நாங்கள்தான் என்று கொண்டாடியும்விட்டது. பிறகுதான் ஆட்டம் 3-2-லேயே முடிந்ததாக நடுவர் எழுதியிருந்தது தெரிந்தது. அதிகாரபூர்வ முடிவைப் பேனாவில் எழுதுங்கள், மற்றதைப் பென்சிலில் ஓரமாக.

தேசிய அணிக் கட்டம் ஸ்பென்சருக்கு மெலிந்துதான் இருக்கும். ஈக்வடாருக்கும் ஆடினார், உருகுவேக்கும் ஆடினார், உலகக் கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. ஈக்வடார் முதன்முதலாகத் தகுதி பெற்றதே 2002 கோப்பைக்குத்தான். 1964-இல் வெம்ப்ளியில் இங்கிலாந்து 2-1 என்று வென்றபோது உருகுவேயின் ஒரே கோல் இவருடையது. கட்டம் காலியாக இருக்கிறதே என்று கிளப் கோல்களை இங்கே இழுத்துப் போடாதீர்கள். மெலிந்த கட்டமும் ஒரு தகவல்தான்.

எப்படி அடித்தார் என்ற பத்தியில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ரசிகர்கள் அவரை "மந்திரத் தலை" என்றார்கள், தலையால் அடிப்பதில் அவ்வளவு பெயர். அதை எழுதலாம். இத்தனை ஹெட்டர், இத்தனை இடது கால் என்று விழுக்காடு போடுவது, பார்க்காத ஆட்டத்துக்கு வர்ணனை சொல்வது போலத்தான்.

கடைசியாக அக்கம்பக்கத்து எண்கள். பட்டியலில் இரண்டாவது பெர்னாண்டோ மொரேனா, 37. அவரும் பென்யரோல்காரர். ஒரே ஆண்டுத் தொடரில் அதிகம் அடித்தவர் வேறு ஆள்: 1966-இல் ரிவரின் டேனியல் ஒனேகா, 17 கோல். அந்த வருடம் லிபர்டடோரஸில் ஆடிய அணிகள் கூடி, ஆட்டங்களும் பெருகியிருந்தன. 1960-இல் மொத்தமே ஏழு அணிகள், சாம்பியன் ஆனது வரை பென்யரோல் ஆடியது ஏழு ஆட்டம். அதனால் ஒனேகாவின் 17-ஐ ஸ்பென்சரின் அந்த 7-க்கு மேலே வைப்பதற்கு முன் ஆட்ட எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, பழகிப் பார்க்க அடுத்த தாளுக்கு மொரேனாவை எடுங்கள். 1978 உருகுவே லீகில் 36 கோல், 1982 லிபர்டடோரஸ் இறுதியில் சாண்டியாகோவில் கோப்ரெலோவாவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரே கோல். இரண்டும் இரண்டு கட்டங்களுக்குப் போக வேண்டியவை, கலந்துவிடாதீர்கள்.