மண்டையோட்டுத் தளக் குருத்தெலும்புப் புற்று திரும்ப வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டையோட்டின் அடித்தளத்தில், பொட்டெலும்பும் பிடரி எலும்பும் சேரும் இடத்தில் பெரும்பாலும் தோன்றும் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்று மெதுவாக வளரும் கட்டிதான். ஆனாலும் மூளைத்தண்டும், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியும், பார்வை நரம்பும் அருகிலேயே இருப்பதால், அதை மிச்சமின்றி அகற்றுவது பல நேரங்களில் இயலாமல் போகிறது. விட்டுப்போன பகுதி பத்தாண்டுகள் கழித்தும் தலைதூக்கக்கூடும் என்பதால், ஐந்தாண்டு நலமாகக் கழிந்துவிட்டது என்று எம்.ஆர்.ஐ. பரிசோதனையை நிறுத்துவது பெரும் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, முதல் திசு அறிக்கையை மறுபார்வையின்றி ஏற்றுக்கொண்டு அடுத்த சிகிச்சைக்குப் போவது. இதே இடத்தில் வரும் கார்டோமா என்ற வேறொரு கட்டி ஸ்கேனிலும் நுண்ணோக்கியிலும் இதைப் போலவே தோன்றலாம். திசுவைச் சோதிக்கப் பயன்படும் எஸ்-100 சாயம் இரண்டிலும் பிடிக்கும் என்பதால் அது மட்டும் போதாது. பிராக்கியூரி என்ற புரதம் கார்டோமாவில் காணப்படும், காண்ட்ரோசார்கோமாவில் காணப்படாது. ஐ.டி.எச். மரபணு மாற்றம் இருந்தால் அது காண்ட்ரோசார்கோமாவையே சுட்டும். கார்டோமா திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பெயர் மாறினால் சிகிச்சைத் திட்டமே மாறிவிடும். திரும்ப வந்த கட்டியின் தீவிரம் முன்பைவிடக் கூடியிருக்கவும் கூடும்; ஆகவே, பாதுகாப்பாக எடுக்க முடிந்தால், புதிய திசுவையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

புற்று என்றதும் கீமோ கேட்பதும் பொருந்தாது. வழக்கமான வகைக்கு அது பெரிதாகப் பலன் தருவதில்லை. இளம் வயதினரிடம் அதிகம் காணப்படும் மீசென்கைமல் என்ற வகைக் காண்ட்ரோசார்கோமாவின் சிகிச்சையில்தான் அதற்கு இடமுண்டு.

கதிர்வீச்சு ஏற்கெனவே பெற்றவர்கள் டிஸ்சார்ஜ் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் கருத்துக்குச் செல்வது என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. மூளைத்தண்டும் பார்வை நரம்பும் முன்பு எவ்வளவு கதிர்வீச்சைப் பெற்றன என்று தெரியாமல், மீண்டும் எவ்வளவு கொடுக்கலாம் என்று எந்த மருத்துவராலும் பாதுகாப்பாகக் கணக்கிட முடியாது. எனவே கதிர்வீச்சுத் திட்டத்தின் முழுக் கணினிக் கோப்பையும், ஸ்கேன் குறுந்தகடுகளையும், மெழுகில் பதித்த திசுக் கட்டைகளையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை என்ற கதிர்வீச்சு முறை கிடைக்கிறது. ஆனால் புரோட்டான் கதிரும் பழைய கணக்கின் மேல்தான் சேரும்.

பக்கவாட்டில் பார்க்கும்போது பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், கண்ணாடியை மாற்றிப் பார்ப்பதில் மாதங்களைக் கழிக்கக் கூடாது. ஆறாவது மூளை நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். கதிர்வீச்சுக்குப் பின் வரும் நீங்காத சோர்வையும் வயதின் மேல் போட்டுவிடாமல், கதிர்வீச்சால் பாதிக்கப்படக்கூடிய பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லுங்கள்.