தலைவர் இல்லாத இணையக் குழுவுக்கு விதி எழுதும்போது

முதலில் எழுத வேண்டியது லட்சியம் அல்ல, யாருக்கு வாக்கு உண்டு என்பதுதான். அது தெளிவாக இல்லாவிட்டால் வாக்கெடுப்புக்கு முதல் நாள் புதுக் கணக்குகள் குவியும். டோக்கன் வாக்கு (கையில் உள்ள கிரிப்டோ டோக்கன்களின் அளவுக்கு வாக்கு) என்றால் இன்னும் கவனம் தேவை. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில், ஃபிளாஷ் லோன் (அதே பரிவர்த்தனையில் திருப்பிக் கட்டும் அடமானமில்லாக் கடன்) எடுத்து டோக்கன் சேர்த்து, ஒரே பரிவர்த்தனைக்குள் வாக்குப் பெரும்பான்மை பெற்று நிதியைச் சுருட்டினார்கள். முன்மொழிவுக்கு முந்தைய டோக்கன் இருப்பை மட்டும் எண்ணுங்கள்; நிறைவேறிய முடிவு செயலாகும் முன் 48 மணி நேர இடைவெளி வையுங்கள்.

சின்ன முடிவுகளுக்கு வாக்கெடுப்பே வேண்டாம். 72 மணி நேரத்தில் மறுப்பு வராவிட்டால் சம்மதம். மறுப்பவர் காரணம் எழுதியாக வேண்டும்.

குறைந்தபட்ச வாக்குப்பதிவை உயர்த்தி வைக்காதீர்கள். எதிர்ப்பவர்கள் ஒதுங்கி நின்றே தீர்மானத்தைத் தோற்கடிப்பார்கள். குழு நிதியைத் திறக்கும் டிஜிட்டல் சாவி 5 பேரிடம் இருக்கட்டும், பணம் எடுக்க அவர்களில் 3 பேரின் கையொப்பம் போதும். ஒருவர் காணாமல் போனால் அவரை மாற்றும் முறையையும் அன்றே எழுதிவிடுங்கள்.