டெல்டா ஈரத்தில் டர்போ கார்: எத்தனால் கலந்த பெட்ரோலும் எரிபொருள் அமைப்பின் பராமரிப்பும்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இன்று பெட்ரோல் போட்டால் அதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். 2025-இல் நாடு முழுவதும் இந்த அளவு எட்டப்பட்டுவிட்டது. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் உள்ள எரிபொருள் கணக்கை மாற்றி எழுதி (ரீமேப்) கூடுதல் சக்தி எடுப்பவர்களும் எத்தனாலைக் கண்டு அஞ்சுவதில் பாதிதான் நியாயம். நாள்தோறும் ஓடும் காரை எத்தனால் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் காரில், ஈரத்தோடு சேர்ந்துதான் கெடுக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை, நாகப்பட்டினம் முதல் அதிராம்பட்டினம் வரை உப்புக்காற்று, உரிமையாளர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும் கார் என்று நிலைமை இருக்கும் இந்தப் பகுதிக்கு, பராமரிப்பின் முதல் எதிரி தண்ணீர்தான்.

முதலில் எரிபொருளின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலே உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவைப்படும்போது, எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 கலவைக்கு அது 13.5-ஐ ஒட்டி நிற்கும். ஆகவே அதே காற்றுக்கு எரிபொருளைக் கூடுதலாகத் தெளித்தாக வேண்டும். இதற்கு ஈடாக, எத்தனாலின் ஆக்டேன் அளவு, அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், உயர்ந்தது. ஆவியாகும்போது வெப்பத்தை அதிகமாக உறிஞ்சிக் காற்றைக் குளிர்விக்கும். டர்போ இன்ஜினுக்கு இவ்விரண்டும் வரமே. குளிர்நாடுகளில் இத்தகைய எரிபொருளோடு வரும் காலைநேர ஸ்டார்ட்டிங் தொல்லை மார்கழி விடியலிலும் நம்மை எட்டாது. ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய படிவுகளைக் கரைக்கும், பெட்ரோல் கடத்தாத மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும். கீழே சொல்லப்படும் வேலைகள் எல்லாம் இந்த மூன்று குணங்களிலிருந்து வருபவை.

சாதாரண பெட்ரோலில் தண்ணீர் கலப்பதில்லை. சிறிதளவு இறங்கினால் டேங்கின் அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த நீரை ஓர் எல்லை வரை தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவை தாங்கும் எல்லை ஏறத்தாழ அரை சதவீதம், அதாவது 40 லிட்டருக்கு 200 மில்லி. இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் எல்லை மீறிவிட்டால் விளைவும் பெரிது. தண்ணீர் தன்னோடு எத்தனாலையும் பிரித்துக்கொண்டு அடியில் இறங்குகிறது; 40 லிட்டர் இ20-இல் 8 லிட்டர் எத்தனால் இருப்பதால், அடியில் சேரும் அடுக்கு பல லிட்டராகவும் இருக்கலாம். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து என்பதால் இன்ஜின் தடுமாறி நிற்கும். மேலே எஞ்சிய பெட்ரோலோ எத்தனால் தந்த ஆக்டேனை இழந்திருக்கும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் பூஸ்ட் ஏறும் நேரத்தில், அதனால் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும். பகல் வெயிலில் கரைந்திருந்த நீர் இரவுக் குளிரில் பிரியக்கூடும் என்பதால், மாலையில் நன்றாக ஓடிய கார் மறுநாள் காலை முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. 100 மில்லி கண்ணாடி அளவுக்குழாயில் பெட்ரோலை மட்டும் எடுத்துச் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் எரிபொருள் கெட்டுவிட்டது. தெளிவாக இருந்தால், குழாயைக் காலிசெய்து 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 வரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து இறங்குவதால் கீழடுக்கு 10-லிருந்து உயரும். அது 25-க்கும் 28-க்கும் இடையில் வந்து நின்றால் கலவை 20 சதவீதத்தை ஒட்டியது. உயரவே இல்லையென்றால் எத்தனால் இல்லை. இதை வீட்டுக்குள் செய்யாமல், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத திறந்தவெளியில் செய்ய வேண்டும்.

எந்தப் பெட்ரோல் பங்க்கில் போடுகிறோம் என்பது எந்த ஆயிலை ஊற்றுகிறோம் என்பதைவிட முக்கியம் என்று சொல்லத் துணிவேன். விற்பனை மிகுந்த, தரை மேடான பங்க்கைத் தேர்ந்தெடுங்கள். நிலத்தடித் தொட்டியின் மூடிகளைச் சுற்றி மழைநீர் தேங்கும் இடத்தைத் தவிருங்கள். நாசில் தானாக நின்ற பிறகு தொகையை முழுமையாக்க மேலும் ஊற்ற அனுமதிக்காதீர்கள். வழிந்த பெட்ரோல், டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக்குப்பிக்குள் போனால் ஆவி வெளியேற்றும் வால்வு கெட்டு, இன்ஜின் கலவையே குழம்பும். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான், ஆனால் மழை உள்ளே இறங்கும் எளிய வழி அதுவே.

ஹோஸ்களுக்கு வருவோம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் இ20-ஐத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொருத்தப்பட்டிருக்கும் என்று பொதுவாக நம்பலாம். அதற்கு முந்தைய கார் என்றால் கையேட்டையும் டேங்க் மூடிக்குள் உள்ள குறிப்பையும் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸை விரலால் அழுத்தும்போது பிசுபிசுப்போ, வீக்கமோ, வளைத்தால் வெடிப்போ தெரிந்தால் அது காத்திருக்க வேண்டிய வேலையல்ல. மாற்று ஹோஸில் எரிபொருள் இன்ஜெக்ஷனுக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரக்குறியீடு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கூடுதல் சக்திக்காகப் புதிதாக லைன் போடுபவர்கள் உள்ளே டெஃப்லான் உள்ள ஹோஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது, அதில் பெட்ரோல் வாடையும் கசியாது. அழுத்தம் இருக்கும் லைனைத் தொடும் முன் பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகே கிளாம்ப்பைத் தளர்த்த வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் கார்களின் உயரழுத்தக் குழாய்கள் 150 பார், சில கார்களில் 350 பார் வரை அழுத்தம் தாங்குபவை; அவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுங்கள்.

எத்தனால் பழைய படிவுகளைக் கரைத்து இழுத்து வருவதால், பல ஆண்டு ஓடிய கார் இ20-க்கு மாறிய முதல் சில டேங்குகளில் ஃபில்டர்தான் அடி வாங்கும். வெளியே தனி ஃபில்டர் உள்ள கார்களில் அதைக் கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றலாம். டேங்குக்குள் பம்போடு சேர்ந்திருக்கும் வகையில், பம்பை வெளியே எடுக்கும் வாய்ப்பு வரும்போதெல்லாம் அடிவலையையும் மின் இணைப்புகளையும் பாருங்கள். பச்சையாகவோ கருப்பாகவோ படிந்திருந்தால் மின்கடத்தலால் வந்த அரிப்பு அது. அந்தப் பம்பைக் குளிர்விப்பதே அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான் என்பதால், கால் டேங்குக்குக் கீழே இறங்கவிட்டு வேளாங்கண்ணி வரை வேகமாக விரட்டுவது நல்ல பழக்கமல்ல.

ரீமேப் செய்த காரில் எல்லாவற்றையும்விடப் பயனுள்ள கருவி, காரின் கணினியோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர்தான். ஈசியூ எரிபொருளைத் தானாக எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற அளவை மாதம் ஒருமுறை, இன்ஜின் சூடான பிறகு குறித்து வையுங்கள். 10 சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த கார் இ20-இல் ஓடினால் அது 4 சதவீதம் வரை கூடுவது இயல்பு. தூய பெட்ரோலுக்கு ட்யூன் செய்ததில் 9 வரை கூடலாம். அதற்கும் மேலே போய்க்கொண்டே இருந்தால் ஃபில்டர் அடைப்போ, பம்பின் தளர்வோ, காற்றுக்கசிவோ, அடைபட்ட இன்ஜெக்டரோ இருக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் பல ஈசியூக்கள் இந்தத் திருத்தத்தை நம்பாமல் மேப்பில் எழுதியபடியே தெளிக்கும். ஆதலால் மேப் எழுதுபவரிடம், எந்தக் கலவைக்கு எழுதுகிறார் என்று கேட்டு வாங்குங்கள். இ85 போன்ற உயர் கலவைக்குப் போக விரும்புபவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் எரிபொருள் தேவை. பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், கலவையை அளக்கும் சென்சார் மூன்றும் இன்றி அது ஆபத்து. நினைத்த இடத்தில் அந்த எரிபொருள் கிடைக்காத ஊரில் தினசரி காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைகளில் பாட்டிலில் விற்கும் ‘எத்தனால் எதிர்ப்பு’ மருந்துகளும் அப்படித்தான்: பிரிந்துபோன பெட்ரோலை அவை மீட்கும் என்று நம்பக்கூடாது.

சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில், இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் எத்தனாலும் நீரும் ஆயிலில் இறங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் நிறக் கசடு தெரிந்தால் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்து, வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

வெளிநாடு செல்பவர்கள் கிளம்பும் முன் நல்ல பங்க்கில் டேங்கை நிறைத்து வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். வீட்டிலிருப்பவரிடம் சாவியைக் கொடுத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். ஷெட்டில் பத்து நிமிடம் உறுமவிடுவது ஆயிலில் ஈரம் சேர்ப்பதோடு சரி. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் ஜெனரேட்டருக்காகக் கேனில் பெட்ரோல் வைத்திருப்பது பல வீடுகளுக்குத் தேவையாகிப்போனது. அந்தக் கேன் பெட்ரோலை, எவ்வளவு அவசரமானாலும், டர்போ காரில் ஊற்றக் கூடாது.

வெள்ளம் டேங்கின் உயரம் வரை வந்திருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். ஆவிக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் சென்று டேங்கை முழுதாகக் காலிசெய்யச் சொல்லுங்கள். வடித்ததை வாய்க்காலில் ஊற்றிவிடாமல், மூடிய கேனில் பணிமனையிடமே ஒப்படையுங்கள். ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றி, புதிய பெட்ரோல் ஊற்றிய பிறகு, இன்ஜினை முடுக்காமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்பை அழுத்தம் ஏற்றவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் டேங்க் தீரும் வரை பூஸ்டைத் தொடாமல் ஓட்டி, எரிபொருள் திருத்த அளவு பழைய எண்ணுக்குத் திரும்புகிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள்.