500 சொல்லில் ஒரு சண்டை: போர் வரலாற்றுக் குறுங்கட்டுரை எழுதும் முறை

போர் வரலாற்றுக் குறுங்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: ஒரு முழுப் போரையும் 500 சொல்லுக்குள் அடைக்கப் பார்ப்பதில். இரண்டாம் உலகப்போரின் பசிபிக் களத்தைச் சுருக்கினால் மிஞ்சுவது தேதிப் பட்டியல். 1942இல் மிட்வே தீவருகே அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே சண்டை மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் அது நான்கு நாள் விவகாரம். ‘ஜூன் 4 காலை ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஏன் அவ்வளவு எளிதில் அடிவாங்கின?’ என்ற கேள்விக்கு இறங்கினால்தான் இடம் போதும். அந்தக் கேள்வியைத் தாளின் தலையில் எழுதி வையுங்கள். அதற்கு விடை சொல்ல உதவாத தகவல் எவ்வளவு சுவையானதானாலும் வெளியே போகட்டும்.

அடுத்தது பங்கீடு. 500 சொல்லுக்கு ஓடக்கூடிய கணக்கு: தொடக்கம் 50, பின்னணி 80, படைபலம் 60, களமும் வானிலையும் 50, சண்டை 180, விளைவு 60. மீதி 20 கடைசி நேரத் திருத்தத்துக்கு. 300 சொல் என்றால் பின்னணியையும் படைபலத்தையும் ஒரே பத்தியாக்குங்கள்; சண்டையின் பங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். தலைப்பும் படக்குறிப்பும் கணக்கில் சேருமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பங்கீட்டை உடைப்பது எப்போதும் பின்னணிதான். 200 சொல் ஓடியும் ஒரு குண்டுகூட வெடித்திருக்காது. மிட்வேக்கு பேர்ல் துறைமுகத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. எஞ்சிய அமெரிக்க விமானந்தாங்கிகளை வெளியே இழுத்து அழிக்க ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோ திட்டமிட்டார். ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளை ஓரளவு படித்துவிட்ட அமெரிக்கர்களுக்கு இலக்கு முன்பே தெரிந்திருந்தது. இந்த இரண்டு செய்தி போதும்.

சண்டைப் பகுதிக்கு ஒரு சோதனை உண்டு. அடுத்தடுத்த இரு வாக்கியங்களுக்கு நடுவே ‘அதனால்’ போட்டுப் பாருங்கள். ‘பிறகு’ மட்டுமே பொருந்தினால் இரண்டில் ஒன்று பெரும்பாலும் வெட்டத் தக்கது. ஜப்பானிய விமானந்தாங்கிப் படையின் தளபதி நகுமோவின் விமானங்கள் மிட்வே தீவைத் தாக்கின. ஒரு தாக்குதல் போதவில்லை, அதனால் மறுசுற்றுக்கு நிலக்குண்டுகளை மாட்டத் தொடங்கினார்கள். அதற்குள் அமெரிக்கக் கப்பல்கள் கண்ணில் பட்டன, அதனால் ஆயுதங்களைத் திரும்பவும் மாற்ற வேண்டியதாயிற்று. தாழப் பறந்து வந்த டார்பிடோ விமானங்கள் பெரும் சேதத்தோடு முறியடிக்கப்பட்டன. காவல் விமானங்களின் கவனம் அங்கே போனதால் உயரத்திலிருந்து பாய்ந்த குண்டுவீச்சு விமானங்களை அநேகமாக யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தள்ளுகிறது. இந்தச் சங்கிலியில் தளபதிகளின் வாழ்க்கைக் குறிப்புக்கு இடமில்லை.

இனி வாக்கியம். இதைப் பாருங்கள்: ‘1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் தேதி காலை நேரத்தில் அமெரிக்க நாட்டின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிச் சென்ற குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் நாட்டுக் கப்பல்களின் மீது மிகக் கடுமையான தாக்குதலை நடத்தின.’ 24 சொல். என்ன ஆயிற்று என்று மட்டும் தெரியவில்லை. ‘1942 ஜூன் 4 காலை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றையும் தீக்கிரையாக்கின.’ 14 சொல். மூன்றும் ஜப்பானிய விமானந்தாங்கிகள். ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’, ‘வீரதீரத்துடன்’ ஆகியவற்றைத் தேடிப் பிடித்து நீக்கினாலே பல வரைவுகள் எல்லைக்குள் வந்துவிடும். ‘வந்து கொண்டிருந்தன’ என்பதைச் சேர்த்து எழுதி ஒரு சொல் மிச்சம் பிடிப்பது வேறு விஷயம். அது கணக்கை ஏமாற்றும், கட்டுரையைச் சுருக்காது.

எண்களில்தான் அதிகம் கவனம் வேண்டும். சிறிய கட்டுரையில் தவறான எண்ணைத் தாங்கிப்பிடிக்க வேறு எதுவும் இருக்காது. 1916 ஜூலை 1, முதல் உலகப்போரில் பிரான்ஸில் நடந்த சோம் சண்டையின் முதல் நாள். பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470. அதை ‘உயிரிழப்பு’ என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. இறந்தவர்கள் 19,240 பேர்தான், மற்றவர்கள் காயம்பட்டவர்கள், காணாமற்போனவர்கள், சிறைபிடிக்கப்பட்டவர்கள். எந்த எண்ணை எடுத்தாலும் அது இவற்றில் எவற்றைச் சேர்த்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இரு தரப்பு எண்களும் ஒரே அளவுகோலில் இல்லையென்றால் ஒப்பிட வேண்டாம். பழங்காலப் படைக்கணக்கு இன்னும் மோசம்: கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்ஸஸின் படை பல லட்சங்களைத் தாண்டி மில்லியன் கணக்கில் இருந்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வதை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

தேதியும் காலை வாரும். ரஷ்யாவும் ஸ்வீடனும் மோதிய போல்ட்டாவா சண்டை 1709 ஜூலை 8 என்பது இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாள்காட்டிக் கணக்கு. அன்றைய ரஷ்ய நாள்காட்டியில் அது ஜூன் 27, ஸ்வீடனில் ஜூன் 28. மிட்வேயின் ஜூன் 4கூட, டோக்கியோ நேரத்தைப் பின்பற்றிய ஜப்பானியப் பதிவுகளில் 5 ஆகிவிடும். ஒரே முறையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். பதவியும் பெயரும் அந்த நாளுக்கு உரியதாக இருக்கட்டும்: 1803இல் மராத்தியருக்கு எதிரான அஸ்ஸாயே சண்டையில் நின்றவர் மேஜர் ஜெனரல் ஆர்தர் வெல்லஸ்லி, வெலிங்டன் என்ற பட்டம் பின்னால் வந்தது.

சுவையான விவரம் ஒன்று எல்லாக் கட்டுரையிலும் தென்பட்டால் சந்தேகப்படுங்கள். மிட்வேயில் ஜப்பானியத் தாக்குதல் விமானங்கள் கப்பலின் மேல்தளத்தில் வரிசைகட்டி, ஐந்து நிமிடத்தில் கிளம்பவிருந்தன என்ற கதை ஜப்பானியக் கடற்படை விமானி ஃபுச்சிடாவின் நினைவுக்குறிப்பு வழியாகப் பல காலம் உலவியது. கப்பல்களின் விமான நடவடிக்கைப் பதிவுகளைப் பார்த்த பிந்தைய ஆய்வு, அந்த விமானங்களில் பெரும்பாலானவை அப்போது கீழ்த்தள விமானக் கொட்டிலில் (ஹேங்கரில்) இருந்ததைக் காட்டியது. நேரில் பார்த்தவர் சொன்னாலும், நேரக்குறிப்புள்ள பதிவோடு ஒத்துப்பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

முதல் வரைவை 620, 650 சொல் வரை ஓடவிடுங்கள். வெட்டும்போது முதலில் பெயரடைகள், பிறகு ஒருமுறை மட்டும் வரும் ஆட்பெயர்கள், பிறகு பின்னணி. ஒருமுறை மட்டும் வரும் படைப்பிரிவுப் பெயர்களைப் படைபலப் பத்தியில் ஒரே எண்ணாக மாற்றலாம். சிறு வரைபடம் இணைக்க முடிந்தால் களப் பத்தியில் பாதி மிச்சம்.

விளைவுப் பகுதியில் ‘வென்றவர் யார்’ என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பெழுத முடியாத சண்டைகள் உண்டு. 1916 ஜட்லாந்து கடற்சண்டையில் பிரிட்டன் 14 கப்பல்களையும் ஜெர்மனி 11 கப்பல்களையும் இழந்தன; ஆனாலும் ஜெர்மனி மீதான பிரிட்டனின் கடல் முற்றுகை தளரவில்லை. அங்கே இழப்புக்கு ஒரு வாக்கியம், போரின் போக்குக்கு ஒரு வாக்கியம் என்று தனித்தனியாக எழுதிவிட்டு நிறுத்துங்கள்.