மேற்கு வெயில் அடிக்கும் அறையில் குட்டி ரயில்: சூட்டையும் ஈரத்தையும் தடுக்கும் செய்முறை

குட்டி ரயில் அமைக்கச் சொல்லித்தரும் வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் காரேஜிலிருந்துதான் தொடங்கும். சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நமக்குக் காரேஜ் ஏது? மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான அறைதான் எனக்குக் கிடைத்தது. புக்கிட் பாஞ்சாங்கில் பன்னிரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த சுவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் பாதி ஆறியதுபோல் இருக்கும். இரவு ஒன்பதுக்கும் அந்தச் சூடு முழுதாகத் தணியாது.

அங்கேதான் இப்போது புக்கிட் தீமா ரயில் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1932ல் வந்த நிலையம். 2011 ஜூன் 30 இரவோடு தஞ்சோங் பகார் வரையிலான ஓட்டமே நின்றுபோனது. நிலைய அதிகாரி நீட்டும், அடுத்த பாதையில் போக அனுமதி என்பதற்கான அடையாள வளையத்தை ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்தே கைநீட்டி வாங்குவாரே, அதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதில் இத்தனை பாடுபடுகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலை, அளப்பது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி அறையில் ஒரு வாரம் வையுங்கள். காலை, மாலை, இரவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். இந்த எண்களைப் பார்க்காமல் ஒரு பலகைகூட வாங்காதீர்கள்.

அடுத்து ஜன்னல். கண்ணாடியில் வெயில் தடுக்கும் படலம், அதற்கு உள்பக்கம் வெள்ளி முதுகு கொண்ட உருளைத் திரை. இது போதும். ஜன்னலையே மாற்ற நினைத்தால் அங்கீகாரம் பெற்ற ஜன்னல் ஒப்பந்ததாரரிடம்தான் போகவேண்டும்.

இனி சுவர். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குளிர் நாட்டுக் கையேட்டில் இருந்தபடியே முதலில் செய்தேன். சட்டம் அடித்து, இடையில் வெப்பம் தடுக்கும் கம்பளி நிரப்பி, அதன்மேல், அதாவது அறைப் பக்கமாக, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஜிப்சம் பலகையால் மூடினேன். ஐந்தாவது மாதம் ஒரு புளிச்ச வாடை. பலகையைக் கழற்றினால் தாளின் முதுகு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சட்டத்தின் அடிக்கட்டையில் கறுப்புப் பூஞ்சை விரல்நுனி அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அத்தனையையும் பிரித்துப் போட்டேன்.

காரணம் எளிது. குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். அதனால் அதை உள்பக்கத்திலேயே மறிக்கிறார்கள். நமக்கோ ஏசி போட்ட அறை உள்ளே, வெக்கையும் புழுக்கமும் வெளியே. ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரம் கொண்ட காற்று, ஏறக்குறைய 24 டிகிரி இருக்கும் பரப்பில் பட்டாலே பனிக்கத் தொடங்கும். என் அறை 23 டிகிரி. வந்த ஈரமெல்லாம் அந்தத் தாளின் முதுகில் மாட்டிக்கொண்டது. ஆகவே ஈரத்தடுப்பு நம் ஊரில் வெளிச்சுவர்ப் பக்கம்தான் இருக்கவேண்டும்.

இரண்டாம் முறை செய்தது இப்படி. சுவரிலிருந்து 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தரையில் தானாக நிற்கும் அலுமினியச் சட்டம். அதன் சுவர்ப் பக்க முகத்தில் அலுமினியத் தாள், மூட்டுகளில் எல்லாம் அலுமினிய டேப். தாளைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். எதிரே காற்றிடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும், ஒட்டிவிட்டால் வெறும் உலோகமாகச் சூட்டைக் கடத்தும். தாளுக்கு உள்ளே 50 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி (கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வூல்), கடைசியாக ஜிப்சம் பலகை, சாதாரண எமல்ஷன் பெயின்ட். வினைல் வால்பேப்பர் வேண்டவே வேண்டாம், அது மறுபடியும் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் போட்ட கதைதான்.

தெர்மகோல் மலிவு என்பார்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும் பொருளை மின்கம்பிகள் ஓடும் அறையில் நான் வைக்கமாட்டேன். பாறைக் கம்பளி எரியாது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்க அரிக்கும். புதிய பிளக் பாயின்ட் தேவையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

மேசைக்கு 12 மில்லிமீட்டர் மரீன் பிளைவுட். மேல், கீழ் மட்டுமல்ல, நான்கு ஓரங்களுக்கும் வார்னிஷ் இரண்டு கை அடிக்கவேண்டும். ஓரம் வழியாகத்தான் பலகை அதிகம் ஈரம் குடிக்கும்.

தண்டவாளத்துக்கு என் ஓட்டு ஜப்பானின் காட்டோ நிறுவனம் செய்யும் யூனிட்ராக்குக்கு. ஜல்லித்தளத்தோடு வருவதால் கார்க், பசை என்று ஈரத்தில் விட்டுப்போகும் சமாச்சாரம் குறைவு. ஏசியை அணைத்தால் அறை 23லிருந்து 33க்கு ஏறும். அந்தப் பத்து டிகிரிக்கு 3 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் நீளும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் இரண்டு முனையும் இறுகியிருந்தால் நடுவில் முதுகு வளைக்கும். நீண்ட நேர்பாதையில் 78லிருந்து 108 மில்லிமீட்டர் வரை நீளும் விரிவுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். (மலாயா ரயில்பாதையின் அகலம் ஒரு மீட்டர். என் 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் அது சரியாக வர 1:111 அளவு வேண்டும். நான் கிடைக்கும் 1:150 வண்டிகளோடு சமாதானமாகிவிட்டேன்.)

கடைசியாக, ஈரம் நீக்கும் இயந்திரம். கம்ப்ரசர் வகையே நம் ஊர்ச் சூட்டுக்குச் சரி. 55 விழுக்காட்டில் நிறுத்தி, ஏசி ஓடாத நேரத்திலும் ஓடவிடுங்கள். அலமாரியில் வைக்கும் உறிஞ்சு டப்பாக்கள் ஓர் அறைக்குக் காணாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர், வீட்டுப் பாதுகாப்பறைக்குள் (போர்க்காலத்தில் ஒதுங்கக் கட்டிய கெட்டிச்சுவர் அறை) இதேபோல் செய்யலாமா என்று கேட்டார்கள். அங்கே சுவரை உடைக்கவோ, காற்றுத் துவாரத்தை அடைக்கவோ, இரும்புக் கதவை மாற்றவோ கூடாது. தானாக நிற்கும் அலமாரியில் சின்னப் பாதை போட்டு, வேண்டியபோது வெளியே தூக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், உள்ளே மறுபடி பூஞ்சை வந்தால் எப்படித் தெரியும் என்றார். நல்ல கேள்வி. மூலையில் ஒரு பலகையைப் பூசி மூடாமல் நான்கு திருகில் மட்டும் நிறுத்துங்கள். என்னுடையதைத் தீபாவளிக்கு முந்தின வாரம் கழற்றிப் பார்த்தேன். கம்பளி மொறமொறவென்று உலர்ந்திருந்தது. அடிச்சட்டத்தில் வெறும் தூசிதான்.