மூக்கைத் தூக்கிய கிளைடர்

சான் டியாகோவின் டோரி பைன்ஸ் முகட்டில் கடற்காற்று மேற்கிலிருந்து முட்டி மேலேறும். அங்கே ரிமோட்டில் நான் பறக்கவிடும் 900 கிராம் நுரைக் கிளைடர் (மோட்டார் இல்லாத மாதிரி விமானம்) வேகம் எடுத்தாலே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். எலிவேட்டர் டிரிம்மை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பின் நிலையான சாய்வை, கீழே இறக்கினால், மெதுவாகப் பறக்கும்போது தலைகுப்புறப் போகும். பெரிய தொல்லை.

சரி என்று, எடைச் சமநிலையைப் பார்க்கும் டைவ் டெஸ்ட் செய்தேன். நல்ல உயரத்தில் மூக்கைச் சாய்த்து ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டேன். சட்டென்று மேலே வளைந்தது. அப்படியென்றால் மூக்கில் எடைக்காக வைத்த ஈயம் அதிகம். அதைத் தாங்க வைத்திருந்த மேல் டிரிம்தான் வேகம் கூடும்போது தூக்குகிறது.

ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கூடவே டிரிம்மையும் குறைத்தேன். 30 கிராம் போனதும் சமநிலைப் புள்ளி, இறக்கை முன்விளிம்பிலிருந்து 56 மில்லிமீட்டரில் இருந்தது 66க்கு வந்தது. இப்போது டைவிலிருந்து சோம்பலாக எழுகிறது. இன்னும் எடுத்தால் டைவ் தானாகவே செங்குத்தாகிவிடும். அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.